லேப் டெக்னீஷியன் ஆகப் பட்டப்படிப்பு வேண்டுமா? பி.எஸ்சி. எம்.எல்.டி. குறித்து ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் மகள் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறார்; எம்.பி.பி.எஸ். சேரும் அளவுக்கு நீட் மதிப்பெண் வரவில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் விருப்பம் அவருக்கு இருக்கிறது. உறவினர் ஒருவர், ஓராண்டுச் சான்றிதழ் போதும், அடுத்த ஆண்டே சம்பளத்துக்குப் போய்விடலாம் என்கிறார். இன்னொருவர், இப்போது எல்லாப் பரிசோதனைகளையும் இயந்திரமே செய்துவிடுகிறது, இதற்காக நான்கு ஆண்டுகளைச் செலவிடுவது வீண் என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்து நான்கு ஆண்டுகளாக மருத்துவமனை ஆய்வகங்களில் பணிபுரிந்தவன், அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் பயிற்சி மாணவர்களோடு நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

குடும்பத்தின் பொருளாதார நிலை இடம் கொடுக்குமானால், பட்டப்படிப்பில் சேருங்கள். ஆனால், நல்ல மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டுமே சேருங்கள். நோயாளிகள் வராத மருத்துவமனையின் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்தவரைவிட, கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் பட்டயப் படிப்பு படித்தவர் தேர்ந்தவராக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் வழிகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆய்வக நுட்புநர் ஆவதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று, டி.எம்.எல்.டி. என்று எல்லோரும் சொல்லும் இரண்டாண்டுப் பட்டயம் மற்றொன்று, பி.எஸ்சி. எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டம், மூன்றாவது. இந்தப் பட்டத்தைத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளும், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. மருத்துவப் பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் மூன்று ஆண்டுகள் படிப்பு, அதன் பின் ஓர் ஆண்டு கட்டாயப் பயிற்சி. கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள பி.எஸ்சி. உயிர்வேதியியலையும் பி.எஸ்சி. நுண்ணுயிரியலையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை நல்ல படிப்புகள்தாம். ஆராய்ச்சிக்கும் மருந்து, உணவுத் தொழிற்சாலைகளுக்கும் வழி திறப்பவை. ஆனால் அங்கே மாணவர் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதில்லை. மருத்துவமனைப் பணி அறிவிக்கைகள் கேட்பதும் பெரும்பாலும் எம்.எல்.டி. தகுதியைத்தான்.

இயந்திரமே எல்லாம் செய்கிறது என்ற பேச்சுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளின் எதிர்காலம் குறித்த அச்சம் அதில்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். டெங்கு பரவும் மழைக்காலத்தில் தமிழ்நாட்டின் எந்த ஆய்வகத்திலும் தட்டணுக்களின், அதாவது பிளேட்லெட்டுகளின், எண்ணிக்கைதான் எல்லோரும் காத்திருக்கும் எண். செல் கவுண்டர் இயந்திரத்தில் ஊதா மூடி டியூபை வைத்தால் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். ஒரு நோயாளிக்கு 28,000 என்று மிகக் குறைவாக வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். உடலில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை, நேற்று வரை எண்ணிக்கை இயல்பாக இருந்தது. பயிற்சி பெற்ற நுட்புநர் அந்த எண்ணை அப்படியே அனுப்பமாட்டார். டியூபின் அடியில் சிறு கட்டி உறைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகு ஒரு ஸ்லைடில் ரத்தத்தை மெல்லியதாக இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் அதன் ஓரங்களைத் தேடுவார். அங்கே தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தால், நோயாளியின் உடலில் குறைவு இல்லை என்று பொருள். ரத்தம் உறையாமலிருக்க டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளே சிலருடைய தட்டணுக்களை ஒட்டவைத்துவிடுகிறது. கொத்தாக ஒட்டியவற்றை இயந்திரம் தட்டணுவாக எண்ணுவதில்லை. உடனே நீல மூடியிட்ட சிட்ரேட் டியூபில் புதிதாக ரத்தம் எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கி அறிக்கை தர வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் கலந்திருப்பதால் வரும் கணக்கு அது. இந்தச் சந்தேகம் வராத ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால், தேவையில்லாத தட்டணு ஏற்றமும் ஒரு குடும்பத்தின் பதற்றமும் மிஞ்சியிருக்கும்.

இயந்திரம் எண்ணைத் தருகிறது; அந்த எண் இந்த நோயாளிக்குரியதுதானா, நம்பத்தக்கதா என்று சொல்வது நுட்புநரின் வேலை. பட்டப்படிப்பு கற்பிக்க வேண்டியதும், நல்ல இடத்தில் கற்பிப்பதும் இந்தச் சந்தேகப்படும் பழக்கத்தைத்தான். பொத்தான்களை அழுத்துவதற்கு மூன்று மாதப் பழக்கம் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தேகம் வருவதற்கு உடலியங்கியலும் வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

என்னுடைய பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். வார்டிலிருந்து வந்த ஒரு மாதிரியில் பொட்டாசியம் 8.9 என்று இயந்திரம் காட்டியது. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரைதான், 8.9 என்றால் இதயம் எந்த நேரத்திலும் நின்றுபோகலாம். நான் பதறி, வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல எழுந்தேன். அருகிலிருந்த மூத்த நுட்புநர் அம்மா என்னை நிறுத்தி, அதே மாதிரியின் கால்சியம் எவ்வளவு என்று கேட்டார். 4க்கும் கீழே, மிகக் குறைவாக இருந்தது. உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அந்த இரண்டு எண்களும் ஒன்றாக வரவே வராது என்றார் அவர். விசாரித்தபோது, சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதாததால் ஊதா டியூபிலிருந்து சிறிது ஊற்றி நிரப்பியிருந்தது தெரியவந்தது. ஊதா டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. பொட்டாசிய உப்பு வடிவில் இருக்கிறது; அது பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும், கால்சியத்தைப் பிடித்துவைத்துக் குறைத்துக் காட்டும். மறுபடி எடுத்த மாதிரியில் இரண்டும் இயல்பாகவே இருந்தன. அந்த அம்மா அன்று கேட்ட ஒற்றைக் கேள்வியில் நான் கற்றதை எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு ஆழமாக எனக்குள் இறக்கவில்லை. பிழையான முதல் எண்ணை நம்பிப் பொட்டாசியத்தைக் குறைக்கும் சிகிச்சை தொடங்கியிருந்தால், இயல்பான அளவு கொண்ட மனிதருக்கு அதுவே ஆபத்தாகியிருக்கும்.

ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி பரிசோதனைக்கு முன்பே, அதாவது ரத்தம் எடுக்கும் இடத்திலும் அது ஆய்வகத்துக்கு வந்து சேரும் வழியிலும் நிகழ்கிறது. கையில் இறுக்கிய பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைப்பது, ஊசி முனையில் வேகமாக உறிஞ்சிச் சிவப்பணுக்களை உடைத்துவிடுவது, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் அதே கையில் ரத்தம் எடுப்பது, சீட்டை ஒட்டும்போது பெயரை மாற்றிவிடுவது ஆகியவைதாம் அன்றாடம் நடப்பவை. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸை உண்டுகொண்டே இருப்பதால், அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை அது குறைந்துபோகும். சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடி டியூபில் ஃபுளோரைடு வைத்திருப்பது அதற்காகத்தான். டியூப்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்பதற்கும் இதுபோன்ற காரணம் உண்டு: கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கான ரத்தக் கல்ச்சர் குப்பி முதலில், நீல மூடி அடுத்து, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். வரிசையை மனப்பாடம் செய்தவர் அவசரத்தில் மறந்துவிடுவார். காரணம் தெரிந்தவர் மறப்பதில்லை.

மாதிரியைக் கையாளும் இந்த வேலையைச் சிறுமையாக நினைப்பவர்களுக்கு நான் சென்னையில் நடந்த ஒன்றை நினைவூட்டுவேன். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்ட மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அந்த ஆய்வை மேற்கொண்டார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைத் தாமே சேகரித்தார். வசதிகள் மிகக் குறைந்த நிலையில் அவற்றிலிருந்து சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்ப்பகுதி, பிரிக்கப்பட்டது. அதைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்தார். தொற்றைக் கண்டறியும் எலைசா பரிசோதனை வசதி இருந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு இரவு ரயிலில் தம் கணவரோடு கொண்டு சென்றார். அங்கே ஆறு மாதிரிகள், தொற்று இருப்பதற்கு அடையாளமாக, மஞ்சளாக மாறின. நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றில் அவ்வளவு பெரிய செய்தி, சரியாக எடுத்து, சரியாகப் பிரித்து, கெடாமல் கொண்டுசென்ற சீரத்தில் இருந்தது. எடுத்தது பிழையாகவோ வைத்தது வெப்பத்திலோ இருந்திருந்தால் அந்த விடையை அவ்வளவு உறுதியாக நம்பியிருக்க முடியாது.

ரத்த வங்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே நுட்புநரின் பிழைக்கு மறுவாய்ப்பு இல்லை. ரத்த வகையைக் கண்டறிய, நோயாளியின் சிவப்பணுக்களோடு ஆன்ட்டி ஏ, ஆன்ட்டி பி என்ற எதிர்ப்பொருள்களைக் கலந்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் ஒட்டவில்லை என்றால் ஓ வகை. சோம்பலான ஆய்வகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். 1952ஆம் ஆண்டு ஒய். எம். பெண்டேயும் அவருடைய சகாக்களும் மும்பையில் கண்டறிந்து அறிவித்த ஒரு ரத்த வகை இருக்கிறது; பம்பாய் வகை என்றே உலகெங்கும் பெயர். அவர்களுடைய சிவப்பணுக்களில் ஏ, பி மட்டுமன்றி, ஓ வகையினருக்குக் கூட இருக்கும் எச் என்ற அடிப்படைப் பொருளும் இல்லை. முதல் பரிசோதனையில் அவர்கள் ஓ வகையினரைப் போலவே தெரிவார்கள். நோயாளியின் சீரத்தை, வகை தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு கலந்து பார்க்கும் மறுதலைப் பரிசோதனையைச் செய்தால்தான், ஓ அணுக்களையும் அந்தச் சீரம் ஒட்டவைப்பது தெரியும்; அப்படிப்பட்டவருக்கு ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்த வகையினர் மிகச் சிலரே என்றாலும், உலகின் பிற பகுதிகளைவிடத் தெற்காசியாவில் அதிகம் காணப்படுகிறார்கள். ஆகவே நம் ஊர் நுட்புநருக்கு இது தேர்வுக்காகப் படிக்கும் அரிய செய்தி அன்று, ஒவ்வொரு நாளும் மறுதலைப் பரிசோதனையைத் தவறாமல் செய்வதற்கான காரணம்.

பாடத்திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கல்லூரியின் கையேட்டில் அதைப் படித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் அடிப்படைகள். பிறகு ரத்தவியல், மருத்துவ உயிர்வேதியியல், பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணிகள் குறித்த நுண்ணுயிரியல், திசுவியல், செல்லியல், ரத்த வங்கி, தரக் கட்டுப்பாடு. மாணவர்கள் பொதுவாகப் புறக்கணிப்பது திசுவியல் பகுதியை. அறுவை அரங்கிலிருந்து வந்த சதைத் துண்டை அதன் அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் ஊறவைத்து, நீர் நீக்கி, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிப்புக்குச் சீவி, சாயமிட்டுத் தருவது கைத்தொழில். மருத்துவர் புற்றுநோயா அல்லவா என்று சொல்வது அந்தச் சீவலின் தரத்தைப் பொறுத்தது. இந்தக் கைத்திறன் படைத்தவர்கள் குறைவாக இருப்பதால், அதில் தேர்ந்தவரை எந்தப் பெரிய மருத்துவமனையும் எளிதில் விட்டுவிடுவதில்லை.

தரக் கட்டுப்பாட்டைத் தேர்வுக்கு முந்தைய இரவில் படிக்கும் பாடமாகப் பலர் வைத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு வந்தபின் நாள் தொடங்குவதே அதில்தான் என்று கண்டுகொள்கிறார்கள். காலையில் முதல் நோயாளியின் மாதிரிக்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த கட்டுப்பாட்டுச் சீரத்தை இயந்திரத்தில் ஓட்டி, வரும் எண்ணை லெவி ஜென்னிங்ஸ் வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு புள்ளி எல்லை தாண்டுவதற்கும், ஆறேழு நாள்களாகப் புள்ளிகள் ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போவதற்கும் வேறு வேறு பொருள் உண்டு. எந்த நிலையில் நோயாளிகளின் முடிவுகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பதற்கு 1981இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட விதிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, என்.ஏ.பி.எல். என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் இந்தப் பதிவேடுகள் தணிக்கைக்கு உட்பட்டவை. நேர்முகத் தேர்வில் நான் புதியவர்களிடம் கேட்கும் முதல் கேள்வியும் இதிலிருந்துதான்.

இனி, படிப்பின் இதயமான பயிற்சி ஆண்டு. மூன்று ஆண்டுகளில் கற்றது கைக்கு வருவது இங்கேதான். நல்ல மருத்துவமனையில் பயிற்சி மாணவர் ரத்தம் எடுக்கும் பிரிவு, ரத்தவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், திசுவியல், ரத்த வங்கி என்று ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பணியாற்றுவார். குழந்தையின் சிரையைக் கண்டுபிடிப்பது, புற்றுநோய் மருந்து ஏற்றி ஏற்றி நாளங்கள் சுருங்கிப்போன முதியவரின் கையில் ஒரே குத்தில் எடுப்பது, சளி மாதிரியில் ஸீல் நீல்சன் சாயமிட்டு நீலப் பின்னணியில் சிவந்த காசநோய்க் கிருமியைப் பொறுமையாகத் தேடுவது, மலேரிய ஒட்டுண்ணியைத் தடித்த ஸ்லைடில் கண்டு மெல்லிய ஸ்லைடில் அதன் இனத்தை உறுதிசெய்வது ஆகிய எதையும் காணொளி பார்த்துக் கற்க முடியாது. எண்ணிக்கைதான் ஆசிரியர். நூறு இயல்பான ஸ்லைடுகளைப் பார்த்த கண்ணுக்குத்தான் நூற்றொன்றாவது ஸ்லைடில் இருக்கும் ரத்தப் புற்றணு உறுத்தும்.

இதனால்தான் கல்லூரியைவிட அதன் மருத்துவமனையைப் பார்க்கச் சொல்கிறேன். விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை நாளில் நீங்களும் மகளும் காலை எட்டு மணிக்கு அந்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புறநோயாளிகள் வரிசை எப்படி இருக்கிறது, ரத்தம் எடுக்கும் இடத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவு தனியாக இயங்குகிறதா, கல்ச்சர் பரிசோதனை அங்கேயே நடக்கிறதா அல்லது வெளியே அனுப்பப்படுகிறதா, ரத்த வங்கிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், இதுவரை நீங்களாகவே எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும். அந்த விடை வண்ணக் கையேட்டைவிட நிறையச் சொல்லும். பயிற்சி ஆண்டில் மாணவர்களை ஊதியமில்லாத ஆட்களாக ஒரே மேசையில், பெரும்பாலும் வரவேற்பில் சீட்டு எழுதும் மேசையில், உட்காரவைத்துவிடும் இடங்களும் உண்டு. என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பெண் அப்படிப் பதினோரு மாதங்களைக் கழித்திருந்தார். அவருடைய சான்றிதழில் குறை எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை, அதற்கு அவர் பொறுப்பும் அல்லர். ஆறு மாதம் உடனிருந்து கற்றுக்கொடுத்தோம், இன்று அவர் நன்றாகச் செய்கிறார்; ஆனாலும் அவருடைய தந்தை கட்டிய பணத்துக்கு அந்தக் கல்வி அங்கேயே கிடைத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

சேர்க்கையைப் பொறுத்தவரை உங்களுக்கு ஆறுதலான செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்கள், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு வழியாக, பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களின் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியே படித்தவர்களுக்கும் இடம் உண்டு. இந்த எம்.எல்.டி. இடங்களுக்கு நீட் மதிப்பெண் வேண்டியதில்லை. ஒரே விண்ணப்பத்தில் செவிலியர், இயன்முறை மருத்துவம், கதிரியக்கத் தொழில்நுட்பம், டயாலிசிஸ் போன்ற பல படிப்புகள் வருவதால், கலந்தாய்வுக்கு முன்பே எம்.எல்.டி.தான் முதல் விருப்பம் என்று முடிவுசெய்து, கல்லூரிகளைப் பார்த்து வரிசைப்படுத்தி வைத்திருங்கள். கலந்தாய்வில் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் தமக்கெனத் தனி விண்ணப்பமும் விதிமுறையும் வைத்திருக்கின்றன. அவற்றின் அறிவிக்கைகளையும் தனியே பின்தொடருங்கள். தனியார் கல்லூரியானால், கல்லூரி இருப்பது மட்டும் போதாது, இந்தக் குறிப்பிட்ட படிப்பை இந்த ஆண்டு நடத்தப் பல்கலைக்கழகத்தின் இணைவு இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். அஞ்சல் வழியில் எம்.எல்.டி. தருகிறோம் என்பவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். நோயாளியைத் தொடாமல் கற்கும் ஆய்வகப் படிப்பு என்று ஒன்று கிடையாது.

ஓராண்டுச் சான்றிதழ் போதும் என்ற உறவினரின் யோசனைக்கு இப்போது வருகிறேன். அவர் சொல்வதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் அரசு மருத்துவமனைகளுக்கு ஆய்வக நுட்புநர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நிலைக்கு ஏற்பச் சான்றிதழையோ பட்டயத்தையோ பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறது. ஆகவே பட்டம் கையில் இருப்பதாலேயே எல்லா அரசுப் பணிகளுக்கும் தகுதி வந்துவிடும் என்று எண்ணாமல், அறிவிக்கை வரும்போது தகுதிப் பத்தியை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆனால் காற்று வீசும் திசை வேறு. 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தேசியத் துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம், மருத்துவ ஆய்வகத் துறையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. துணைநிலைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், அதற்கு அடுத்த நிலையான உடல்நலத் தொழிலருக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பும் அது வகுத்திருக்கும் அளவு. மாநில மன்றங்களும் பதிவேடும் அதன்கீழ் வருகின்றன. பதினெட்டு வயதில் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு அதில் இருக்கப்போகிறவர் என்பதால், இந்த அளவுகோல்களை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். எம்.எஸ்சி. படிக்கவும், ஆசிரியராகவும், தர மேலாளராகவும் உயரவும் பட்டம்தான் படிக்கட்டு; வளைகுடா நாடுகளுக்கான உரிமத் தேர்வுகளிலும் பெரும்பாலும் பட்டத்தோடு பணி அனுபவத்தையும் கேட்கிறார்கள்.

எல்லையையும் சொல்லிவிடுவது நியாயம். இந்தப் பட்டம் பெற்றவர் மருத்துவர் ஆகமாட்டார். ஆய்வக அறிக்கையில் மேலொப்பமிடத் தகுதியுடையவர் நோய்க்குறியியலில் பட்ட மேற்படிப்பு முடித்த பதிவு மருத்துவரே என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. படித்து முடித்ததும் தனியாக லேப் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் யாராவது சேரச் சொன்னால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். சிறிய தனியார் ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு என்பதும், இரவுப் பணி உண்டு என்பதும், நோயாளி நன்றி சொல்வது மருத்துவருக்கும் செவிலியருக்கும்தான், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பவரின் முகம் அவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. அதைத் தாங்கிக்கொள்ளும் மனம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை, இத்துறையில் நிறைவோடு இருப்பவர்கள் எல்லோரும் சிறு முரண்பாட்டைக் கண்டால் அதை விடமுடியாதவர்கள். கணக்கு நோட்டில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தூங்காதவர்களைப் போன்றவர்கள். அந்தக் குணம் அவருக்கு இருந்தால் நான்கு ஆண்டுகளும் வீண் போகாது.

பணவசதி உண்மையிலேயே தடையாக இருந்தால், அரசு நிறுவனம் ஒன்றில் டி.எம்.எல்.டி. படிக்கவைத்து, வேலையில் சேர்ந்தபின் மேற்படிப்பைப் பார்த்துக்கொள்வது இரண்டாவது நல்ல வழி. அதில் தாழ்வு எதுவும் இல்லை. நான் குறிப்பிட்ட அந்த மூத்த நுட்புநர் அம்மா பட்டயப் படிப்புப் படித்தவர்தான்.

இறுதியாக, எந்த வழியில் சேர்ந்தாலும் முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டிய ஒன்று. ரத்தத்தைத் தொடும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் போட்ட பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது என்று மூன்றையும் முடித்து, ஓரிரு மாதங்கள் கழித்து எதிர்ப்பொருள் அளவு 10 அலகுக்கு மேல் இருக்கிறதா என்று பரிசோதித்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல், துளைபடாத வெள்ளைக் கொள்கலனில் உடனே போடும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். எப்போதாவது ஊசி குத்திவிட்டால், சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதில் பயன் இல்லை. பயிற்சி மாணவர்கள் திட்டு விழும் என்று பயந்து இதை மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளிடம், அப்படி ஏதாவது நடந்தால் முதலில் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டோம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.